மச்சி, உன் பேச்சைப் பாதியில் வெட்டிவிட்டார்கள்

என் உயிர் மச்சி சுபைதாவுக்கு,

மண்ணுக்குள், கபுறில் இருப்பவர்களுக்குச் சொல்லும் ஸலாம் அவர்களுக்குக் கேட்கும் என்றுதான் சின்னதிலிருந்து நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆகவே முதலில் ஸலாம். ஸலாம் கேட்குமென்றால் நான் போடுகிற சத்தமும் கேட்கத்தான் வேண்டும். எனக்கு வந்திருக்கிற கோபத்தை மெல்லிய குரலில் சொல்ல முடியவில்லை, மச்சி.

உன்னைக் கடைசியாகத் தொட்டது என் கை. இலந்தை இலை போட்ட தண்ணீரை உன் வலது பக்கத்தில் ஊற்றியபோது, அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நாம் இருவரும் சேர்ந்து எத்தனை பெண்களின் மையித்தைக் குளிப்பாட்டிக் கபுறுக்கு அனுப்பியிருப்போம்! எப்போதும் தலைமாட்டில் நீ, கால்மாட்டில் நான். அன்று தலைமாட்டுக்கு நான் வந்தேன். கபன் துணியைக் கட்டி முடித்து வெளியே வந்தபோது எனக்குள் துக்கம் மட்டும்தான் இருந்தது. கோபத்தைப் பிறகு கொண்டு வந்து தந்தவர்கள், அடக்க வேலைகளைப் பார்க்கிற நம் ஊர்ச் சங்கத்தார்.

சங்கம் வருஷா வருஷம் போடுகிற நினைவு மலரில் இந்த முறை நீயும் இருக்கிறாய். பெண் என்பதால் உன் படம் இல்லை. படத்துக்குப் பதிலாக ஒரு ரோசாப்பூ. ரோசா மணம் பட்டாலே உனக்குத் தும்மல் வரும் என்பது அவர்களுக்கு எங்கே தெரியும்? பூவுக்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘கண்டதைக் காணாதவளாய் வாழ்ந்த கண்ணியப் பெண்மணி’ என்று போட்டிருக்கிறார்கள். அதற்கும் கீழே, நீயே சொன்னதாக ஒரு வரி: ‘மையித்தின் குறையை வெளியே சொல்லக் கூடாது.’

முதலில் சிரிப்புத்தான் வந்தது. நீயா கண்டதைக் காணாதவள்? மீன் வியாபாரி தராசில் விரல் வைத்தால் கல்முனைச் சந்தை முழுக்கக் கேட்கக் கத்துகிறவள் நீ. பிறகு அந்த வரியை இன்னொரு தரம் வாசித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் அந்த வரியை நீ சொன்னது உண்மை. நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

அட்டாளைச்சேனையிலிருந்து நஸ்ரின் என்று ஒரு பிள்ளை வந்தாளே, நினைவிருக்கிறதா? பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை. இந்தக் கரையோரப் பெண்களின் வாயால் இந்தக் கரையோரத்தின் கதையைப் பதிவு செய்கிறேன் என்று போனை நீட்டிக்கொண்டு வந்தாள். சுனாமிக் கடல் வந்தபோது முகாமில் சோறு ஆக்கியது யார், விவாகரத்துக் கேட்டுக் காதிக் கோட்டுக்குப் போகிற பெண்ணுக்குத் துணை போனது யார், சண்டைக் காலத்தில் யார் யாரை ஒளித்து வைத்தார்கள் என்று கேட்டாள். நீ கட்டிலில் கிடந்தாய். நோய் உன்னைப் பாதியாக்கியிருந்தது, ஆனால் குரலில் ஒரு பங்கும் குறையவில்லை. உனக்குத் தண்ணீர் பருக்கிக்கொண்டு நான் இருந்தேன். நீ சொன்னது இதுதான்:

“மையித்துட கொறைய வெளிய சொல்லக் கூடாதுதான் புள்ள. ஒடம்புல ஒரு நோய் இரிக்கும், ஒரு தழும்பு இரிக்கும், அது அவட. அத நாம மறைச்சுத்தான் ஆகணும். ஆனா மாப்பிள்ள அடிச்ச அடையாளம் அவட கொறையா? அது அவன்ட கொறை. அவன் இன்னம் மௌத்தாகல்லயே. உசிரோட இரிக்கிறவன்ட கொறைய நான் என்னத்துக்கு மறைக்க?”

மலருக்கு வேண்டும் என்று சங்கத்தார் கேட்க, நஸ்ரின் நல்ல மனதோடு உன் குரலை அவர்களுக்கு அனுப்பியிருக்கிறாள். அவர்கள் உன் பேச்சின் முதல் வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ‘ஆனா’ என்று நீ மூச்சு விட்டுச் சொன்னதையும் சேர்த்து மிச்சம் எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள். உன் வாயிலிருந்தே எடுத்த துணியால் உன் வாயைக் கட்டியிருக்கிறார்கள், மச்சி. அச்சுக்குப் போக முன்னர் பார்த்துத் தரச் சொல்லி அந்தப் பக்கத்தை வீட்டுக்கும் அனுப்பினார்களாம். என்னைக் கட்டிய மாப்பிள்ளை, உன் கூடப்பிறந்த காக்கா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துவிட்டு “வடிவா இரிக்கி” என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். என்னிடம் காட்டவே இல்லை.

நான் போய்ச் சங்கத்துச் செயலாளரிடம் கேட்டேன். மிச்சத்தையும் போடுங்கள் என்றேன். “பக்கம் போதாது தாத்தா” என்றார், மூத்த அக்காவைக் கூப்பிடுகிற மரியாதையோடு. ரோசாப்பூவை எடுத்துவிட்டுப் போடலாமே என்றேன். அடுத்த மலருக்கு நான் எழுதித் தருகிறேன் என்றதற்கும் பிடி கொடுக்கவில்லை. அதனால்தான் இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். உனக்கு எழுதுகிறேன், ஊரும் கேட்கட்டும்.

ஊருக்குத் தெரியும், ஆனால் மறந்த மாதிரி நடிக்கிறது. அந்தத் தையல் பிள்ளையை மறப்பார்களா? சந்தைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் இருந்தவள், கிணற்றடியில் விழுந்துவிட்டாள் என்று நம்மைக் கூப்பிட்டார்கள். சீலைகளை மறைப்பாகக் கட்டி, உள்ளே நாம் இருவரும் நின்றோம். நீ அவளுடைய முதுகைத் திருப்பியதும் உன் கை நின்றது. பெல்ட் அடி. பழையதும் இருந்தது, புதியதும் இருந்தது. கிணற்றுக் கட்டுக்குப் பெல்ட் கட்டத் தெரியுமா?

நீ தண்ணீர் வாளியைக் கீழே வைத்தாய். சீலையை விலக்கிக்கொண்டு வெளியே போய், “நாங்க குளிப்பாட்ட மாட்டம். விசாரணக்காரர் வரட்டும்” என்றாய். முற்றத்து ஆண்கள் எல்லோரும் அப்படியே எழும்பிவிட்டார்கள். அவளுடைய புருஷன் முன்னுக்கு வந்து, “நீங்க தேவல்ல. புருஷன் பொண்டாட்டியக் குளிப்பாட்ட மார்க்கத்துல இடமிரிக்கி. நானே குளிப்பாட்டுறன்” என்றான். நம் மத்ஹபுச் சட்டத்தில் அதற்கு இடம் இருப்பது உண்மைதான், எல்லோருக்கும் தெரியும். நீ கேட்டாய்: “குளிப்பாட்ட இடமிரிக்கி, ஓம். அடிக்கிறத்துக்கு எங்கயிருந்து இடம் எடுத்த?” கேட்டுவிட்டு உள்ளே வந்து அந்தப் பிள்ளையின் தலைமாட்டில் குந்திக்கொண்டாய். நான் கால்மாட்டில் குந்தினேன். திடீர் மரண விசாரணை அதிகாரி வரும் வரை நாம் எழும்பவே இல்லை.

பிறகு ஊர் உன்னைப் படுத்திய பாட்டை நான் மறக்கவில்லை. பிரேத பரிசோதனைக்கு அனுப்பியது நீ என்பதால் ‘மையித்த அறுக்க வெச்சவள்’ என்று பேர் வைத்தார்கள். சுபைதாவைக் கூப்பிட்டால் மையித்து ஆஸ்பத்திரிக்குப் போகும் என்று பயந்து, பணக்கார வீடுகளில் நம்மைக் கூப்பிடுவதையே நிறுத்தினார்கள். பள்ளிவாசலுக்கு முன்னால் நீ போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இன்று ரோசாப்பூப் போட்டவர்களில் அன்று முகம் திருப்பியவர்களை எனக்குப் பேர் பேராகத் தெரியும். எழுதமாட்டேன், அவர்களுக்கே தெரியும்.

ஆனால் பெண்கள் வேறு கணக்குப் போட்டார்கள். செத்த பிறகு பார்க்கிற கண் உயிரோடு இருக்கும்போதும் பார்க்கும்தானே என்று ஒவ்வொருத்தியாக உன் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். வியாழக்கிழமை பின்னேரம் உன் தறிக் கொட்டிலில் கூடுவது அப்படித்தான் தொடங்கியது. யாரும் கூட்டம் என்று பேர் வைக்கவில்லை. பிளேன்டீ குடிக்கப் போகிறோம் என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டு வருவார்கள். ஒருத்தி கையை மடித்துக் காட்டுவாள், ஒருத்தி தோளைக் காட்டுவாள். “மௌத்தான பொறகு நான் பாக்கிறத்துக்கு என்னத்துக்கு வெச்சிரிக்கிறீங்க? இப்பவே காட்டுங்க” என்று ஏசி ஏசிப் பார்ப்பாய்.

பார்த்ததோடு விட்டாயா? காதிக் கோட்டில் உள்ளே ஆண்கள் மட்டும் இருந்து ஒரு பெண்ணின் கதையைக் கேட்பார்கள். வெளியே மதிலடியில் பிளாஸ்கோடு நாம் இருப்போம், அவள் வெளியே வரும்போது முதலில் பார்க்கிற முகம் நம்முடையதாக இருக்க வேண்டும் என்று. பிள்ளைகளை ஒரு வீடு பார்க்கும், சோற்றை இன்னொரு வீடு அனுப்பும். வீட்டை விட்டு ஓடி வந்தவளை எங்கே வைப்பது என்று நாம் முழித்தபோது, பக்கத்துத் தமிழ் ஊர் பாண்டிருப்பிலிருந்து மீன் கொண்டு வருகிற சரோசா அக்கா, “எங்கட வீட்டில விடுங்கோ. கோயிலடிக்குள்ள வந்து ஒருத்தனும் தேடமாட்டான்” என்றார். ஒருத்தனும் தேடவில்லை. இரண்டு ஊரும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த காலத்தில் நம் பிள்ளைகள் அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்கினார்கள். இதையெல்லாம் நஸ்ரினிடம் நீ சொன்னாய். மலரில் ஒரு எழுத்து இல்லை.

இன்னொன்றையும் கேட்கிறேன். கொரோனாவில் மௌத்தானவர்களைக் குளிப்பாட்டவும் விடாமல் அரசாங்கத்தார் எரித்தார்களே, அப்போது இதே சங்கத்தார் என்ன சத்தம் போட்டார்கள்! மையித்துக்கும் உரிமை இருக்கிறது, அதன் கண்ணியத்தில் கை வைக்காதே என்று ஊரே கொதித்தது. நீயும் நானும் இலந்தை இலைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதோம். அந்தக் கோபம் நியாயமானது, எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் மச்சி, கையால் நெரிபட்டுச் செத்த ஒரு பெண்ணின் மையித்துக்கு அந்த உரிமை இல்லையா? அப்போது அந்த வாய்கள் எங்கே போகின்றன?

இப்போது பர்ஹானாவின் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன்.

அவளை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு கலியாணம் முடித்து நம் தெருவில் குடியேறிய பிள்ளை. உம்மாவும் வாப்பாவும் கட்டிக் கொடுத்த சீதன வீடு, மாப்பிள்ளை வந்து இருந்தான். ஒரு காலையில் வலிப்பு வந்து மௌத்தாகிவிட்டாள் என்றார்கள். பின்னேரம் அஸர் தொழுகையோடு அடக்கம் என்று பள்ளி ஒலிபெருக்கியில் சொல்லியும் விட்டார்கள். நானும், உனக்குப் பிறகு என்னோடு குளிப்பாட்ட வருகிற ஜெமீலாவும் போனோம். சீலை மறைப்புக்குள் போய், முகத்தில் இருந்த துணியை எடுத்து, தாடையைக் கட்டுவதற்காகத் தலையைத் தூக்கினேன். கழுத்தில் விரல் அடையாளம். இரண்டு பக்கமும்.

நான் வாளியைக் கீழே வைத்தேன். வெளியே வந்து, “இந்த மையித்த பொலிசு பாக்கணும்” என்றேன். செயலாளர் அங்கேதான் நின்றார். அவர் என்ன செய்தார் தெரியுமா? கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்தி, அன்பாக, என் கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னார்: “ஹசீனா தாத்தா, நம்மட சுபைதா தாத்தா என்ன சொல்லிட்டுப் போன? மையித்துட கொறைய வெளிய சொல்லக் கூடாதெண்டு. அவ இருந்திருந்தா இப்பிடிச் செஞ்சிரிப்பாவா? அவ நம்பி உட்டுட்டுப் போன அமானிதத்தக் காப்பாத்துங்க.”

இதற்குத்தான் உன்னை வெட்டினார்கள் என்று எனக்கு அந்த இடத்தில் விளங்கியது. உயிரோடு இருந்த சுபைதாவை ஊருக்குள் அடக்க முடியவில்லை. செத்த சுபைதாவை அடக்கி, அவளைக் கொண்டே மற்றவர்களையும் அடக்கலாம். ஜெமீலாவுக்குக் கூட அந்த வரி மனதில் ஏறியிருந்தது. “மலர்ல அப்பிடித்தானே போட்டிரிக்கி” என்று என் காதுக்குள் சொன்னாள்.

செயலாளரோடு நான் மல்லுக்கட்டியிருப்பேன். ஆனால் அப்போது பர்ஹானாவின் உம்மா ஓடி வந்து என் காலைப் பிடித்தார். “எண்ட புள்ளய அறுக்க உட்டுடாதீங்க. ஒங்கட காலப் புடிக்கிறன். முழுசா அனுப்புங்க” என்று கதறினார். மச்சி, ஆண்களுக்குப் பதில் சொல்ல உன்னிடம் பழகியிருக்கிறேன். இந்த உம்மாவுக்கு என்ன சொல்வது? நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அவரை எழுப்பி, “உள்ள வாங்க” என்று கூட்டிக்கொண்டு போனேன். பெற்றவளைக் குளிப்பாட்டும் இடத்துக்கு விடமாட்டார்கள், அழுது விழுந்துவிடுவாள் என்று. நானும் இதுவரை விட்டதில்லை. அன்று விட்டேன். பிள்ளையின் கழுத்தைக் காட்டினேன். உம்மா அழவில்லை. குனிந்து, தன் விரல்களை எடுத்து அந்த அடையாளத்தின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். அவருடைய விரல்களைவிட அவை தடிப்பாக இருந்தன.

“இவக்கு வலிப்பே இல்லயே” என்றார் மெதுவாக. “சின்னதுலயும் வந்தில்ல. ஏன் வலிப்பெண்டு சொன்ன?” அதை அவர் யாரிடமும் கேட்கவில்லை. பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனார். முற்றம் நிறைய ஆண்கள். மாப்பிள்ளை கதிரையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். உம்மா சொன்னது எனக்கு உள்ளே கேட்டது:

“எண்ட புள்ள குளிக்கல்ல. இப்ப குளிக்கவும் மாட்டா. இது நான் எண்ட புள்ளக்குக் குடுத்த ஊடு. இந்த ஊட்டுக்குள்ள நான் சொல்றதுதான். பொலிசக் கூப்பிடுங்க.”

செயலாளர் மார்க்கம், மையித்து, தாமதம் என்று ஏதோ தொடங்கினார். உம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரிந்த வழிதான். விசாரணை, ஆஸ்பத்திரி, பரிசோதனை. கழுத்து நெரிபட்டது என்றுதான் அறிக்கையும் சொன்னது. மறுநாள் அவளைத் திரும்பக் கொண்டு வந்தார்கள், நானும் ஜெமீலாவும் குளிப்பாட்டினோம். தையல் போட்ட இடங்களைப் பஞ்சால் ஒற்றி ஒற்றி, நோகும் என்று பயந்தவர்கள் போலக் குளிப்பாட்டினோம். அவன் விளக்கமறியலுக்குப் போனான், பிணையில் வந்தும் விட்டான். வெள்ளை சேர்ட் போட்டுக்கொண்டு ஜும்ஆவுக்குப் போகிறான். ஸலாம் சொல்ல ஆள் இருக்கிறது.

எங்களுக்குத்தான் ஆள் இல்லை. சங்கம் இனி எங்களைக் குளிப்பாட்டக் கூப்பிடுவதில்லையாம். வேறு ஊரிலிருந்து பெண்களைக் கொண்டு வருகிறார்கள். கண்டதை வெளியே சொல்லமாட்டோம் என்று அவர்களிடம் சத்தியம் வாங்குகிறார்களாம். உன் பெயரைச் சொல்லித்தான் அந்தச் சத்தியத்தை வாங்குகிறார்கள், கேட்டாயா? ஜெமீலாவை அவளுடைய மாப்பிள்ளை வியாழக்கிழமைகளில் வெளியே விடுவதில்லை. உன் காக்கா என்னோடு கதைப்பதில்லை. “எண்ட தங்கச்சிட பேர நாறடிக்காத” என்று சொன்னதுதான் கடைசிப் பேச்சு. “ஒங்கட தங்கச்சி ஆரெண்டு ஒங்களுக்குத்தான் தெரியல்ல” என்றேன். கதைக்காவிட்டாலும் சோறு மட்டும் நேரத்துக்குத் தின்கிறார்.

நஸ்ரின் வந்து அழுதாள். நான் அனுப்பியதால்தான் வந்தது என்றாள். உன் பேச்சு முழுவதையும் போனில் போட்டுத் தந்திருக்கிறாள். வியாழக்கிழமை வருகிற பெண்களுக்குப் போட்டுக் காட்டினேன். ‘ஆனா’ என்று நீ தொடங்குகிற இடம் வந்ததும் எல்லோரும் போனுக்குக் கிட்ட நெருங்கி வந்து இருந்தார்கள்.

போன வியாழக்கிழமை பர்ஹானாவின் உம்மாவும் வந்தார். பிளேன்டீயைக் கையில் கொடுத்தேன், குடிக்கவில்லை. “எனக்குக் குளிப்பாட்டப் பழக்கித் தாங்க” என்றார். இப்போது வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். “எண்ட புள்ளய ஒருத்தரும் பாக்காம அனுப்பியிருந்தா நான் என்னண்டு இருந்திரிப்பன்? இனி எந்த உம்மாட புள்ள எண்டாலும் நான் பாக்கணும்” என்றார். யார் கூப்பிடப் போகிறார்கள் நம்மை என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. எழும்பிப் போய்ப் பாயை விரித்தேன், தலையை எப்படித் தாங்குவது என்பதிலிருந்து தொடங்கினேன்.

சாட்சி சொல்ல வரும்படி கோட்டிலிருந்து எனக்கு அழைப்பாணை வந்திருக்கிறது. அவனுடைய லோயர் என்ன கேட்பார் என்று ஊரே எனக்கு முன்கூட்டிச் சொல்லித் தருகிறது. மையித்தின் இரகசியத்தை வெளியே சொல்வது பாவமில்லையா என்று கேட்பாராம். மலரைத் தூக்கிக் காட்டுவாராம், உன் வரியை வாசிப்பாராம். வாசிக்கட்டும். உன் காக்கா என்னை ஆட்டோவில் கொண்டுபோய் விடமாட்டாராம். பஸ் ஓடுகிறது, மச்சி. பர்ஹானாவின் உம்மா என்னோடு வருகிறார், சரோசா அக்கா மீன் கூடையை மகளிடம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றிருக்கிறார்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். சாட்சிக் கூட்டில் ஏறி, கண்டதைக் கழுத்திலிருந்து தொடங்கி ஒன்றும் விடாமல் சொல்வேன். அந்த வரியை யார் வாசித்தாலும், அதற்குப் பிறகு நீ சொன்னதை உன் பேச்சிலேயே சொல்வேன். நடுவில் யாராவது வெட்டினால் திரும்பவும் முதலிலிருந்து சொல்வேன்.

உன் காக்காவின் பெண்டாட்டி என்பதற்கு முன்பிருந்தே,
உன் மச்சி,
ஹசீனா